முதலில் தரம் வரட்டுமாம்

"போயி என்ன செய்யப் போறாளுக? ஜப்பான்காரிககிட்ட பத்துக் கோல் வாங்கிட்டு வரவா?"

எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனி வாசலில் காதில் விழுந்த கேள்வி இது. இந்தியப் பெண்கள் கால்பந்து அணி 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2–1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த நேரம். இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி, ஜெயித்து, இந்தக் கோப்பைக்குள் இந்தியா நுழைவது அதுவே முதல் முறை. கேட்டவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. வாலிபத்தில் கோயில் திருவிழாக் கோப்பைகளில் ஆடியவர், இப்போதும் ராத்திரி முழித்து ஐரோப்பிய மேட்ச் பார்ப்பவர். அவர் கொச்சையாகக் கேட்டதைத்தான் விளையாட்டுப் பத்திகளும் தொலைக்காட்சி வாய்களும் சலவை செய்து சொல்கின்றன: முதலில் தரம் வரட்டும், பிறகு பெரிய போட்டிக்குப் போகலாம்.

கேட்பதற்கு நியாயமான பேச்சு. எனக்கோ இதைப் போல இந்தியக் கால்பந்தைக் கெடுத்த பேச்சு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

பெண்கள் ஆசியக் கோப்பை ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற போட்டி. கண்டத்தின் சாம்பியன் யார் என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது, உலகக் கோப்பைக்கு யார் போவது என்பதும் அங்கேதான். 1991இல் தொடங்கிய ஏற்பாடு இது. இது கோப்பையின் மதிப்பைக் குறைத்துவிட்டது, பாதி அணிகள் கோப்பைக்காக ஆடாமல் ஐந்தாவது ஆறாவது இடத்துக்காகத்தான் ஆடுகின்றன என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 2022இல் எட்டு அணிகள் பன்னிரண்டானதும் அந்தச் சுளிப்பு கூடிவிட்டது. கத்துக்குட்டிகளை எல்லாம் ஏன் உள்ளே விடுகிறீர்கள் என்கிறார்கள்.

சரி, கலப்படமில்லாத கோப்பை இருந்த காலத்தில் நமக்கு என்ன கிடைத்தது? 1980ஐ ஒட்டிக் கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அதில் ஒன்று இறுதிப் போட்டிவரை போய் இரண்டாமிடம் பெற்றது. 1983இல் மறுபடி இரண்டாமிடம். அந்த ஆண்டு வீராங்கனை சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கொடுத்தார்கள். ஆசியாவில் இரண்டாவது! இன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தரம் இருந்தது, ஐயா. அப்படியே கண்ணெதிரே இருந்தது. ஆனால் அந்த இரண்டாமிடம் எந்தக் கதவையும் திறக்கவில்லை. அடுத்த மேட்ச் எப்போது, எங்கே என்று கேட்க ஆளில்லை, ஏனென்றால் அந்தக் கோப்பைக்கு அடுத்த படி என்று ஒன்றே இல்லை. முதல் உலகக் கோப்பைக்கு ஆள் எடுத்த 1991 ஆசியப் போட்டியில் ஒன்பது நாடுகள் ஆடின. ஹாங்காங் இருந்தது, சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இருந்தது. எட்டு வருடம் முன்பு இரண்டாமிடம் வந்த இந்தியா இல்லை. பிறகு 2009இல், நீண்ட காலம் மேட்சே ஆடாத அணி என்று ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்தே இந்தியாவின் பெயரை எடுத்துவிட்டது.

தரம் முதலில், போட்டி பிறகு என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். தரம் முதலில் வந்தது, போட்டி வரவில்லை, தரம் போயிற்று.

இப்போது வியட்நாமுக்கு வாருங்கள். 2018 ஆசியக் கோப்பை, ஜோர்டானில். ஜப்பானிடம் 0–4. ஆஸ்திரேலியாவிடம் 0–8. தென் கொரியாவிடம் 0–4. மூன்று மேட்சில் பதினாறு கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் ஊர் திரும்பிய அணி அது. நம் கம்பெனி வாசல் நண்பர் ஹனோயில் பிறந்திருந்தால் அன்று என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு வருடம் கழித்து அதே அணி இந்தியாவுக்கு வந்தது. குழுவில் ஒரு மேட்சும் ஜெயிக்கவில்லை. மியான்மரோடு 2–2 என்று ஒரே ஒரு சமன். காலிறுதியில் சீனாவிடம் 1–3 தோல்வி. அதோடு முடிந்ததா? இல்லை. காலிறுதியில் தோற்றவர்களுக்கு இடையிலான சுற்றில் தாய்லாந்தை 2–0 என்றும் சீன தைபேயை 2–1 என்றும் வென்று, முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. இரட்டை வேலை பார்க்கிற போட்டி என்று முகம் சுளித்தோமே, அந்த இரண்டாவது வேலைதான் வியட்நாமுக்குக் கதவைத் திறந்தது.

பிலிப்பைன்ஸ் கதையும் அதுவே. 2018இல் உலகக் கோப்பைக்கான கடைசி இடத்துக்கு நடந்த ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–5 என்று உதை வாங்கியது. 2022 காலிறுதியில் சீன தைபேயைப் பெனால்டியில் வென்று உள்ளே போனது. 2023 ஜூலையில் வெலிங்டனில், போட்டியை நடத்திய நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 1–0 என்று வீழ்த்தியது. கோல் சரீனா போல்டன். கத்துக்குட்டியை உள்ளே விட்டதற்குக் கிடைத்த பலன் இது.

நம் கதை என்ன? 2022 ஆசியக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. போட்டியை நடத்துகிறவர் என்பதால் நேரடி இடம். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், கார்த்திகா அங்கமுத்து, மாரியம்மாள் பாலமுருகன் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் அணியில் இருந்தார்கள். ஜனவரி 20 அன்று ஈரானோடு 0–0. ஜனவரி 23 அன்று சீன தைபேயோடு ஆட வேண்டும். வீராங்கனைகள் பலருக்குக் கொரோனா; களமிறங்க விதிப்படி வேண்டிய பதின்மூன்று பேர் தேறவில்லை. அணி விலகியதாகக் கணக்கு எழுதி, ஆடிய ஈரான் மேட்சையும் அழித்துவிட்டார்கள். நான்கு வருடக் கனவு ஒரு பரிசோதனைச் சீட்டில் போயிற்று. அந்தப் பெண்களுக்கு நடந்தது அநியாயம், அதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஆறுதல் புறப்பட்டதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. "கொரோனாதான் கெடுத்தது, இல்லாவிட்டால் போயிருப்போம்" என்று ஒரு கோஷ்டி. "நல்லவேளை, கொரோனா வந்து மானத்தைக் காப்பாற்றியது" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டுமே சோம்பேறித்தனம். வியட்நாம் அணிக்கும் ஸ்பெயின் பயிற்சி முகாமிலேயே கொரோனா பிடித்துத்தான் ஆட்கள் தவணை முறையில் இந்தியா வந்து சேர்ந்தார்கள். துரதிர்ஷ்டம் இருவர் வீட்டுக் கதவையும் தட்டியது. ஒருவர் உலகக் கோப்பைக்குப் போனார்.

இதில் யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 2022 போட்டியை நடத்துகிறோம் என்ற ஒரே காரணத்தால், அதற்கு முந்தைய சில மாதங்களில் நம் பெண்கள் ஆடிய மேட்சுகளைப் பாருங்கள். 2021 நவம்பரில் பிரேசில் போனார்கள். அமேசான் கரையில் மனாஸ் நகரில், ஃபொர்மீகா என்ற பெருமைக்குரிய ஆட்டக்காரியின் விடைபெறும் மேட்சில் பிரேசிலோடு மோதினார்கள். 1–6 தோல்வி. அந்த ஒன்றை அடித்தவர் மனிஷா கல்யாண். எட்டாவது நிமிடம், 1–1. கொஞ்ச நேரம் பிரேசில் கூட்டம் வாயடைத்திருந்தது. அடுத்து சிலியோடு 0–3, வெனிசுவேலாவோடு 1–2. ஆறிலிருந்து மூன்று, பிறகு இரண்டு என்று ஒரே வாரத்தில் வாங்கிய கோல் இறங்கியதைக் கவனியுங்கள். மனிஷா அடுத்த வருடமே சைப்ரஸ் கிளப் ஒன்றுக்கு ஆடப் போய், ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீகில் களமிறங்கினார். ஆசியக் கோப்பை என்ற கெடு தலைக்கு மேல் தொங்கியிருக்காவிட்டால் அந்தப் பயணத்துக்கு விமான டிக்கெட் எடுத்திருப்பார்களா? ஒரு காலத்தில் தரவரிசையை விட்டே போகும் அளவுக்கு அணியைச் சும்மா உட்கார வைத்த அதே கூட்டமைப்பு அல்லவா?

எதிர்த் தரப்பின் கையில் இருக்கிற வலுவான சீட்டு ஆண்கள் அணி. அதை மறைத்துவிட்டுப் பேசுவது யோக்கியமாகாது.

2008இல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இந்தியாவில் நடந்தது. கால்பந்தில் வளரும் நாடுகளுக்கான கோப்பை; ஜெயித்தால் 2011 ஆசியக் கோப்பைக்கு நேரடி டிக்கெட். இதுவும் இரட்டை வேலைதான். ஹைதராபாத்தில் மழை பெய்து மைதானம் சேறானதால் கடைசி ஆட்டங்களை டெல்லி அம்பேத்கர் மைதானத்துக்கு மாற்றினார்கள். ஆகஸ்ட் 13, இறுதிப் போட்டியில் தஜிகிஸ்தானை இந்தியா 4–1 என்று அடித்தது. சுனில் சேத்ரி மூன்று, பாய்ச்சுங் பூட்டியா ஒன்று. 1984க்குப் பிறகு 27 வருடம் கழித்து ஆசியக் கோப்பை. "கொல்லைப்புற வாசல்" என்று அன்றைக்கே கேலி செய்தார்கள். 2011 ஜனவரியில் தோஹாவில் ஆஸ்திரேலியாவிடம் 0–4, பஹ்ரைனிடம் 2–5, தென் கொரியாவிடம் 1–4. பதின்மூன்று கோல். பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். 2015 ஆசியக் கோப்பையில் இந்தியாவே இல்லை. ஆக, போய் ஆடியதால் தரம் வந்ததா?

நியாயமான கேள்வி. பதிலை 2011இல் தேடாதீர்கள், 2010இல் தேடுங்கள். அடுத்த சேலஞ்ச் கோப்பை அந்த வருடம் எங்களுக்கு அக்கரையில், இலங்கையில் நடந்தது. ஏற்கெனவே டிக்கெட் கையில் இருக்கிறதே என்று இந்தியா 23 வயதுக்குட்பட்டோர் அணியை அனுப்பியது. முதல் சுற்றோடு பெட்டி கட்டினார்கள். 2012இல் காத்மாண்டுவில் மூன்று மேட்சும் தோல்வி. 2014இல் அந்தக் கொல்லைப்புற வாசலுக்குள் நுழையவே தகுதி கிடைக்கவில்லை. வாசலையும் அதோடு மூடிவிட்டார்கள். ஒரு தடவை கதவு திறந்ததும், இனி அது தானாகத் திறக்கும் என்று நினைத்தது யார் தப்பு? போய் வாங்கிய பதின்மூன்று கோல் அணியைக் கெடுக்கவில்லை. போன வழியைத் துச்சமாக நினைத்ததுதான் கெடுத்தது. அந்த நினைப்பு மாறவில்லை என்பதற்கு அண்மைச் சாட்சி, 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

போய் ஆடினால் மட்டும் தரம் வந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. அதற்குத் தாய்லாந்தே சாட்சி. 2015, 2019 என இரண்டு உலகக் கோப்பை கண்ட அணி, இன்று நம்மிடம் தோற்றிருக்கிறது. ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆடாமல் வராது. அவ்வளவுதான் வாதம்.

அந்த அளவுகூட நாம் நம் பெண்களுக்குச் செய்ததில்லை. இந்தியப் பெண்கள் லீக் 2016–17இல்தான் தொடங்கியது. லீக் என்ற பெயர்தான் பெரிது. எல்லா அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்து, சில வாரங்களில் முடித்து அனுப்பிவிடுவார்கள். 2019 மே மாதம் லூதியானாவில் எங்கள் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று பட்டம் எடுத்தது அப்படி ஒரு லீகில்தான். மதுரையைத் தளமாகக் கொண்ட அணி, பெயர் எங்கள் கடற்கரையுடையது. "எங்கள்" என்று சொல்லிக்கொள்ள அந்த உரிமை போதும். தேசியச் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் வென்றார்கள். தேசத்தின் சிறந்த கிளப் அணிக்கு ஒரு வருடத்தில் சொந்த ஊர் ரசிகர் முன்னால் ஆட ஒரு மேட்ச்கூட இல்லாத ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, தரம் எங்கே என்று கேட்டால் எப்படி? சொந்த ஊரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023–24இல்தான் வந்தது. அது வந்து இரண்டாவது சீசன் முடிந்த கையோடு சியாங் மாய் வெற்றி. தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இனி எங்கள் ஊர். மண்டபத்துக்கும் ஆசியக் கோப்பைக்கும் என்ன சம்பந்தம் என்பவருக்கு, இரண்டு.

முதலாவது, மேலே டெல்லியில் சொல்லும் அதே வாக்கியத்தைக் கீழே இங்கேயும் சொல்கிறார்கள். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற நிலம் இது. தடைக்காலம் வந்தால், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். வேலையில்லாத பையன்கள் காலையும் மாலையும் பந்தோடு இறங்கிவிடுவார்கள். இரண்டு கம்பை மணலில் ஊன்றினால் கோல் போஸ்ட். கச்சான் காற்று அடிக்கிற நேரத்தில் உயர அடித்த பந்து எங்கே போய் விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது. அதனால் எங்கள் பையன்கள் தரையோடு தரையாகப் பாஸ் கொடுக்கப் பழகிவிட்டார்கள். அழகான ஆட்டம் அது. சுற்றி நிற்கிற சிறுமிகள் வெளியே போன பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். எடுத்துக் கொடுப்பதென்றால் கையால் இல்லை, காலால். அதுவும் நேராக ஆளுக்கே. அதைப் பார்த்தும் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பெண்பிள்ளைகளுக்கு ஒரு நேரம் ஒதுக்கலாமே என்று கேட்டால், "டீம் இருந்தா சொல்லுங்க, பாக்கலாம்" என்கிறார்கள். மைதானம் இல்லாததால் டீம் இல்லை. டீம் இல்லாததால் மைதானம் இல்லை. முதலில் தரம் வரட்டும்!

இதற்கு நேர்மாறான ஒரு பசப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பெண்கள் பிறவியிலேயே பலசாலிகள், கடல்பாசி எடுக்க மூச்சடக்கி முங்குகிறவர்கள், பந்தைக் கொடுத்தால் பிய்த்து உதறிவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறித்துவிட்டு உப்பில் ஊறிய உடம்போடு கரையேறுகிற பெண்ணுக்குச் சாயங்காலம் வேண்டியது ஓய்வு. அவள் மகளுக்கு வேண்டியது ஒரு பயிற்சியாளர், ஒரு ஜோடி பூட்ஸ், மாதம் இரண்டு மேட்ச். கடலூரில் சுனாமிக்குப் பிறகு பயிற்சியாளர் மாரியப்பன் பெண்பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து வீரத்தைப் பாடவில்லை. தினமும் பந்தாட வைத்தார். இந்துமதி அந்தக் களத்திலிருந்து வந்தவர். கடலூர் கடலுக்கும் எங்கள் கடலுக்கும் உப்பில் வித்தியாசம் கிடையாது.

இரண்டாவது சம்பந்தம் கொஞ்சம் கசப்பானது. பிலிப்பைன்ஸ் உலகக் கோப்பை அணியில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். கோல் அடித்த போல்டனும் கலிபோர்னியாவில் பிறந்தவர்தான். கடல் கடந்து போன தன் பிள்ளைகளின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, குடியுரிமை கொடுத்துக் களமிறக்கியது அந்த நாடு. எங்கள் ஊரில் இருப்பது இலங்கைத் தமிழ் அகதிகளின் மண்டபம் முகாம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த மணலிலேயே ஓடியாடுகிற பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். தேசிய அணிக்கு ஆட ஃபிஃபா விதிப்படி அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்றால் சட்டப்படி குடிமகன், குடிமகள். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், அந்தச் சட்டத்தைக் காட்டி 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் உத்தரவு வாங்கித்தான் பாஸ்போர்ட் பெற்றார். 2024இல் முதன்முறையாக ஓட்டுப் போட்டார். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. முகாம் சிறுமி ஒருத்தி எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்திய அணியின் நீலச் சட்டை அவளுக்குக் கிடையாது. ஆக, 'தரம் வரட்டும்' என்பவர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தரம் வந்து நின்றால், எந்தச் சீட்டைக் காட்டச் சொல்வீர்கள்?

2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் கோப்பையில் இந்தியாவுக்கு வாய்த்த குழு ஜப்பான், வியட்நாம், சீன தைபே. நான்கு வருடம் முன்பு ஆட முடியாமல் போன அதே சீன தைபே. ஜப்பானிடம் பத்து வாங்கினாலும் வாங்கலாம்; அதை மறைத்து ஆவதென்ன. கணக்கைப் பாருங்கள்: பன்னிரண்டு அணிகளில் எட்டு காலிறுதிக்குப் போகின்றன. அந்த எட்டில் ஆறு நேராக 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கு. மீதி இரண்டுக்கும் கண்டங்களுக்கு இடையிலான தகுதிச் சுற்றில் இன்னொரு வாய்ப்பு. குழுவில் மூன்றாமிடம் வந்தால்கூட வழி இருக்கிறது. ஒரு வெற்றி போதலாம். வங்கதேசப் பெண்கள் மியான்மரை வென்று முதன்முறையாக இந்தக் கோப்பைக்குள் வருகிறார்கள். "உங்களுக்குத் தரம் போதாது" என்று அவர்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கம்பெனி வாசல் நண்பருக்கும் அவர் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்ச்சில் ராத்திரி முழிக்க வேண்டிய அவசியமில்லை. ஆஸ்திரேலியா நமக்குக் கிழக்கே, மேட்ச் பகலில்தான் வரும். பாருங்கள், எத்தனை கோல் வாங்கினாலும் முழுதாகப் பாருங்கள். அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. அந்த 61 நாளும் காலை ஆறிலிருந்து எட்டுவரை மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி உங்கள் பையன்களிடம் பேசுங்கள். ஊர்க்கூட்டத்தில் நானும் இதை எழுந்து சொல்லப்போகிறேன். எதிர்ப்பதானால் அங்கே வந்து எதிர்த்துப் பேசுங்கள்.